நுவரெலியாவுக்கு வேன் பேசுமுன்



நோன்பும் முடிந்தது, பெருநாளும் முடிந்தது. இனி ஏப்ரல் லீவு. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் வேன்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. "நுவரெலியா பாதை திறந்தாச்சு, சீட் ரெண்டு இருக்கு" என்று ஒவ்வொரு வட்ஸ்அப் குழுமத்திலும் செய்தி ஓடுகிறது. நாமும் போகிறவர்கள்தான். புரியாணிச் சட்டியை வேனுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் அம்பாறை தாண்டி, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி, ஹக்கலையில் குளிர் பிடிக்கும்போது பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டி விடுகிறவர்கள்தான். ட்ரிப் போவது பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை.

போன கிழமை நம்மூர்க் குழுமம் ஒன்றில் ஒரு வீடியோ வந்தது. நம்ம பொடியன் ஒருவன் கிரகரி வாவிக் கரையில் நின்று பேசுகிறான். "வெள்ளைக்காரன் கட்டின லிட்டில் இங்கிலாந்து. இப்ப பாருங்க, தோட்டக்காட்டானுகள் வந்து டவுனையே நாசமாக்கிட்டானுகள்." அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பும் பெருவிரலும். போட்டவர்களில் நம்மோடு படிப்பிக்கிறவர்களும் இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"வந்து" என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். யார் எப்போது வந்தது?

நுவரெலியாச் சமவெளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர். அவர் அங்கே போனது 1819இல். அதற்கு முந்திய வருடம்தான் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயன் நெருப்பு வைத்து அடக்கி முடித்திருந்தான். நம் வேன் போகும் பிபிலைப் பக்கம்தான் அது தொடங்கிய இடம். வெல்லஸ்ஸையில் ஹாஜி மரிக்கார் என்ற நம்மவர் ஒருவரை முகாந்திரமாக நியமித்ததும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். நாம் அந்த வளைவுகளில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறோம். பாடசாலை வரலாற்றுப் புத்தகத்திலும் அந்தப் பெயர் வந்தால் அவசரமாகப் பக்கம் புரட்டி விடுகிறோம்.

டேவிக்குப் பிறகு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். நோய்ப்பட்ட சிப்பாய்கள் குளிரில் தேறட்டும் என்று 1820களின் கடைசியில் அங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் அமைத்தார். தனக்கும் ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். அதுதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம். ஆக, ஊர் தொடங்கியதே இராணுவத்துக்கு ஓய்விடமாகத்தான்.

"லிட்டில் இங்கிலாந்து" கதையின் கதாநாயகன் சாமுவேல் பேக்கர். 1840களின் கடைசியில் லண்டனிலிருந்து கப்பலில் ஆட்கள், கொல்லன், குதிரைக்காரன், நல்ல சாதி மாடு, செம்மறி, வேட்டை நாய்கள், குதிரை வண்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கே நடப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவரே புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார், சிரிப்பு வரும். மலைப்பாதையில் குதிரைக்காரன் வண்டியைப் பள்ளத்தில் விட்டான். மாடு வழியிலேயே செத்தது. உதவிக்கு அனுப்பிய யானையும் செத்தது. போட்ட பயிர் முதலில் பிடிக்கவில்லை. எட்டு வருடம் இருந்து, காட்டு யானைகளைச் சுட்டுத் தள்ளி, 1855இல் மனிதர் ஊரைவிட்டே போய்விட்டார். பிறகு நைல் நதிப் பக்கம் போய்ப் பெயர் எடுத்தார். லிட்டில் இங்கிலாந்தின் மூலவர் அங்கே வாழ்ந்த காலம், நம்மில் பலர் ஒரு வங்கிக் கடன் கட்டும் காலம்.

அப்படியானால் அந்த ஊரை ஊராக்கியது யார்?

1840இல் ஒரு சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது. அந்தக் காணிகளை ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் விற்ற அதிகாரிகளும் இருந்தார்கள். நம் அம்பாறைக் கரையில் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலையும் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. காட்டுக்கு உரிமைக்காரன் யார் என்று கடதாசி தீர்மானிக்கும் வழக்கம் அன்று தொடங்கியதுதான்.

காணி கிடைத்தது. வெட்ட ஆள் வேண்டுமே. 1823இல் கம்பளைக்கு அருகில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் போட்ட கோப்பித் தோட்டத்தோடு தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரைக்கும் கால்நடை. கொலராவும் பசியும் காட்டு மிருகமும் தின்றது போக மிஞ்சியவர்கள்தான் மலைக்கு ஏறினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து எல்லாம் அழிந்தது. துரைமார் சிலர் கடனாளியாகிக் கப்பலேறினார்கள். தொழிலாளி எங்கே போவான்? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இலேயே பயிரிட்டிருந்த தேயிலைக்கு அதே கைகள் மாறின. பாறையை உடைத்தவர்கள், பாலம் போட்டவர்கள், ரயில் பாதைக்கு மலையைக் குடைந்தவர்கள் எல்லாரும் கூலிக்கு வந்த ஆட்கள். ஆளுநர் கிரகரியின் பெயரில் 1870களில் அந்த வாவி வந்தபோது ஆளுநரா மண் சுமந்தார்?

1876இல் ஹில் கிளப். நீண்ட காலம் வெள்ளைத்தோல் இல்லாமல் உள்ளே போக முடியாது. 1889இல் கோல்ஃப் கிளப். 1897இல் மகாராணியின் வைர விழாவுக்கு விக்டோரியா பூங்கா. இதையெல்லாம் வீடியோக்காரப் பொடியன் ஒழுங்காகச் சொன்னான், பாராட்டலாம். சொல்லாமல் விட்டது, இந்தக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்பதை. மலையில் பறித்த கொழுந்திலிருந்து.

1894இல் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் தபால் நிலையத்துக்கு முன்னால் நாம் எல்லாரும் படம் எடுத்திருக்கிறோம். அதை ஹோட்டலுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் நாடு பூராக வேலைநிறுத்தம் செய்தார்கள். சரியான போராட்டம். ஆனால் அந்தத் தபால் நிலையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில், லயத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு வீட்டு முகவரி இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. கடிதம் தோட்டத்து மேற்பார்வையில் வந்து, பல கை மாறி, பல நாள் பிந்திப் போய்ச் சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த கதைகளை அங்கே படிப்பித்தவர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். "வந்தவர்கள் பெருகிவிட்டார்கள்" என்றுதானே முறைப்பாடு.

2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 11 ஆயிரம். அதில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். நகரம் மட்டும் என்றால் முப்பதாயிரத்துக்கும் குறைவு. நாம் பார்க்கும் நுவரெலியா அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான். அதற்குள் சிங்களவரும் இருக்கிறார்கள், தமிழரும் இருக்கிறார்கள், கடைத்தெருவில் நம்மவரும் மலாய்க்காரரும் இருக்கிறார்கள். நாம் ஜும்ஆ தொழ நிறுத்தும் பள்ளிவாசலும் அவர்கள் கட்டியதுதான்.

பெருகினார்களா? 1953இல் இந்த நாட்டு மக்களில் 12 வீதம் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள். 1981இல் 5.5 வீதம். 2012இல் 4 வீதத்துக்குச் சற்று மேல். வேறு பெயரில் தங்களைப் பதிந்தவர்களும் உண்டு, அதைக் கழித்தாலும் இது பெருகிய கணக்கல்ல. பெயர்த்து எடுத்த கணக்கு.

எப்படிப் பெயர்த்தார்கள்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தந்தை இங்கே பிறந்தவர் என்று நிரூபி என்றார்கள். லயத்தில் பிறந்தவனிடம் ஏது பிறப்புச் சாட்சிப் பத்திரம்? ஏழு இலட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. ஆனால் ஒரு வினோதம் பாருங்கள். தொகுதி பிரிக்கும்போது தலை எண்ணுவதற்கு மட்டும் அவர்கள் மனிதர்கள். அவர்கள் தலையை எண்ணி மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனம் கொடுத்தார்கள், வாக்குப் போடுவது பக்கத்துக் கிராமத்தான். தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று பாராளுமன்றம் போக 1977 வரை, 30 வருடம் எடுத்தது.

பிறகு 1964 ஒக்டோபர் 30, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருடம் கழித்துப் பாதி பாதி. பெருநாள் இறைச்சி பங்கு வைக்கும்போதுகூட நாம் யாருக்கு எது வேண்டும் என்று கேட்போம். இவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் இராமேஸ்வரம் கப்பலில், தங்கை நானுஓயா லயத்தில். எஞ்சியவர்களின் கதை முழுமையாக முடிய 2003 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் 1974 பஞ்சம், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பதை எதிர்த்துச் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணன், 1983 ஜூலையில் எரிந்த நுவரெலியா நகரம். நாம் சொக்லட் வாங்கும் அந்தத் தெருக்கள்தான்.

"அதெல்லாம் சிங்களப் பேரினவாதம் செய்தது, நமக்கென்ன" என்று சொல்ல நம்மில் சிலருக்கு அவசரம். கொஞ்சம் பொறுங்கள். 1948இல் அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் யார்? ரி.பி. ஜாயா. நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்குக் கொடுக்கும் பெயர். அவர் கல்விக்குச் செய்ததை யாரும் மறுக்கவில்லை, நாம் எல்லாரும் அதன் பயனில் படித்தவர்கள். ஆனால் நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் நாடற்றதாகும்போது தொழில் அமைச்சர் நம்மவர் என்பதையும் அந்தப் பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளையாவது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தலைமை அப்போது உடைந்தது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார், செல்வநாயகம் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நம் தரப்பில் இதற்காக உடைந்தது எதுவுமில்லை.

இன்னொன்று கசக்கும், ஆனாலும் சொல்கிறோம். 1953இல் இந்த நாட்டில் எண்ணிக்கையில் அவர்கள் நம்மைவிடப் பெரிய சமூகம். 2012இல் நாம் 9 வீதம், அவர்கள் 4. "முஸ்லிம்கள் முன்னுக்கு வந்துவிட்டோம்" என்று மேடையில் பெருமைப்படுகிறோமே, வரிசையில் நமக்கு முன்னால் நின்றவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள், நாம் ஓரடி முன்னுக்கு வந்தோம். அவ்வளவுதான்.

"வந்தான் வரத்தான்" என்ற சொல்லால் அடிபட்ட சமூகம் அதே சொல்லைக் கையில் எடுப்பதுதான் நம்மால் தாங்க முடியாதது. 1915இல் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் நம் கடைகளை எரித்தவர்கள் "ஹம்பயா" என்று கத்திக்கொண்டுதான் எரித்தார்கள். கரையிலிருந்து வந்த அந்நியன் என்றார்கள். பொன்னம்பலம் இராமநாதன் "சோனகர் தனி இனமல்ல" என்று 1880களில் எழுதியபோது ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுந்து மறுப்பு எழுதினார். நாங்கள் யார் என்பதை நாங்கள் சொல்வோம் என்பதுதான் அந்த மறுப்பின் சாரம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை என்று கதை கட்டிப் பள்ளிவாசலைத் தாக்கியது யாருக்கு மறந்தது? அந்தக் கதையின் அடியில் இருந்ததும் இதே "பெருகிவிட்டார்கள்"தான். செனரத் மன்னன் நாலாயிரம் முஸ்லிம்களைக் கிழக்கில் குடியேற்றினான் என்று நாம் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்! 400 வருடம் மண்ணின் மைந்தனாக்கும், 200 வருடம் ஆக்காது என்றால் அந்த எல்லைக் கல்லை எங்கே நட்டார்கள் என்று காட்டட்டும். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனவரின் உம்மத் நாம்.

அடுத்தது கந்தோர் விஷயம். கல்முனைக்காரருக்கு இது நன்றாக விளங்கும். அதே 2012இல் அம்பாறை மாவட்டத்தில் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர், பிரதேச செயலகங்கள் 20. நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர், பிரதேச செயலகங்கள் 5. அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டில் மட்டும் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல். ஒரு பிறப்பு அத்தாட்சி எடுக்க ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தை விட்டு, இரண்டு பஸ் ஏறிப் போகும் தாயை நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைக் கூட்டும் வர்த்தமானி அதற்குப் பிறகுதான் வந்தது. இங்கே நாம் 2019 ஜூனில் ஒரு உப செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம், கூடாது என்று எதிர்ச் சத்தியாக்கிரகம். சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று கடையடைப்பு. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து சில நாளில் அதுவும் போனது. யார் சரி யார் பிழை என்று இங்கே கிளற வரவில்லை, அதற்கு வேறு நாள் இருக்கிறது. கந்தோர் என்றால் என்ன, அது இல்லாவிட்டால் என்ன என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களுக்காக நம் அரசியல்வாதி ஒருவர் வாய் திறக்கவில்லை என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

1987 பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை நிதியில் ஒரு பாதை போடவும் தடை இருந்தது. வாக்கை வாங்கலாம், வாய்க்கால் வெட்ட முடியாது. அதைத் திருத்தியது 2018இல். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2015இலிருந்து 2021 வரை போராடினார்கள். கிரகரி வாவியில் நம் பிள்ளைகள் போட்டில் ஒரு சுற்றுச் சுற்றும் காசை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இனி நம் தொழிலுக்கு வருவோம், ஆசிரியர்களாகிய நாங்கள் நம்மையே அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

கல்வியியற் கல்லூரி முடித்து நியமனக் கடிதம் வரும் நாளில் எங்கள் பேட்ச்சில் பலருக்கு மலையகம் கிடைத்தது. அன்றே வீட்டில் மையித்து விழுந்த மாதிரி. உம்மா அழுகிறா, வாப்பா எம்.பி.யைத் தேடிப் போகிறார். போனவர்களும் முதல் நாளே கேட்பது, "இடமாற்றத்துக்கு எத்தனை வருடம்?" எங்களில் சிலர் லயத்துக்கு மேலே ஒரு பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தோம். மழைக்கு முன் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வருவார்கள், வகுப்பில் போடுவதற்கு நனையக் கூடாது என்று. மூன்றாம் தவணையில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நீங்களும் போயிருவீங்கதானே?" இல்லை என்றோம். அடுத்த வருடம் போய்விட்டோம். காரணங்கள் இருந்தன, எல்லாருக்கும் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது எத்தனையாவது கணித ஆசிரியர் என்று நாங்கள் கேட்கவில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அவர்களுக்குள்ளிருந்து ஆசிரியர்களை உருவாக்கி வருவதால்தான் பல பாடசாலைகளில் இன்று மணி அடிக்கிறது, நம் தியாகத்தால் அல்ல.

இங்கே நாம் தேயிலை குடிக்கிறோம், கல்முனைச் சந்தையில் கரட்டும் லீக்சும் விலை பேசுகிறோம். அங்கே போனால் கொழுந்துக் கூடையோடு நிற்கும் அக்காவைப் பிடித்து நடுவில் நிறுத்தி, கூடையை வாங்கி நம் தலையில் மாட்டி, படம் எடுத்து, நூறு ரூபாத் தாளை நீட்டுகிறோம். நம் உம்மாவை வயலில் கதிர் பொறுக்கும்போது யாராவது அப்படி நிறுத்தினால் விடுவோமா? "தோட்டக்காட்டான்" என்று ஏசுகிறவனும் அந்தப் படத்தைத்தான் முகப்பில் போடுகிறான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. 2004 டிசம்பரில் கடல் வந்து நம் கரையை அள்ளிக்கொண்டு போனபோது நாம் கேட்டது முதலில் காணி, பிறகு வீடு. நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் பூட்டிக் கிடந்து காடு பிடித்த வேதனை நமக்குத் தெரியும். மலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இருந்தவனுக்கு அந்தக் காம்பராவும் சொந்தமில்லை, அதன் கீழே இருந்த மண்ணும் சொந்தமில்லை. சரிந்து போனால் "என் காணி" என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்தது இதைச் சொல்லத்தான். நம் ஊர்களிலிருந்து அதில் எத்தனை பேர் போய் நடந்தோம்?

"பாதை திறந்தாச்சு" என்ற செய்தியில் நமக்குத் தெரிவது ட்ரிப்புக்குப் பாதை. அந்தப் பாதையின் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் யார் இன்னும் கூடாரத்தில், உறவுக்காரர் வீட்டில், பாடசாலை மண்டபத்தில் இருக்கிறார்கள் என்பது செய்தியில் இல்லை.

அந்த வீடியோவைப் போட்ட தம்பிக்கு: உன் பெயரை இங்கே போடவில்லை, போடவும் மாட்டோம். நீ எங்களிடம் படித்த பிள்ளைதான். வரலாற்றுப் பாடத்தில் உனக்கு இதைச் சொல்லித் தராதது எங்கள் பிழை. அந்த ஒரு சொல்லை வெட்டிவிட்டு மறுபடி போடு.

எங்கள் வேனும் போகிறது, 16ஆம் திகதி சுபஹுக்குப் பிறகு. இம்முறை விக்டோரியா பூங்காவுக்கு முதல், முன்பு படிப்பித்த அந்தத் தோட்டப் பாடசாலைக்கு ஏறுகிறோம். அதிபரிடம் பேசியாயிற்று. சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் இரண்டு நாள், விஞ்ஞானம் ஒரு நாள், கடந்த கால வினாத்தாள்களோடு. பழைய உடுப்பு மூட்டை கொண்டு வர வேண்டாம் என்று அதிபர் தெளிவாகச் சொன்னார். கொம்பஸ் பெட்டி, விஞ்ஞானக் கைந்நூல், போட்டோக்கொப்பிக்குத் தாள் இருந்தால் போதும். ஆங்கிலம் படிப்பிக்கும் ஒருவர் வந்தால் நல்லது. சீட் ரெண்டு இருக்கு.